சாயம் விட்ட கம்பளமும் என் மனைவியின் இடது காதும்

இதை எழுத ஆறு வருஷமாகத் தயங்கினேன். விபூதி பூசிக்கொண்டு நோட்டோடு உட்காருவேன். முதல் வரியிலேயே பொய் வந்து நிற்கும். மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியில் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை எனக்கு. எங்கள் பிளாக்கில் வெள்ளிக்கிழமை தோறும் பஜனை உண்டு. மாற்றலாகிப் போன வடநாட்டு ஆபீசர் ஒருவர் பஜனைக்கென்று ஒரு கம்பளிக் கம்பளம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சந்தன நிறம், அதில் சிவப்புப் பூக்கள், ஓரத்தில் நீலக் கரை. அதன்மேல்தான் சாமி படம் வைப்போம். தைப்பூசத்துக்கு முன்னால் அதைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று நானே வாய் கொடுத்து வாங்கிவந்தேன்.

முதலில் காம்பவுண்டு சுவரில் போட்டுப் பிரம்பால் அடித்தேன். நிலக்கரித் தூசி கருப்பாகக் கிளம்பியது. அடிக்க அடிக்க ஒரு வெறி.

"போதுமுங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தாள் என் மனைவி.

அவள் பவானிக்காரி. பிறந்த வீட்டில் நூலுக்குச் சாயம் போடுகிற வேலை. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். நீலம் ஒட்டவில்லை. சிவப்பில் வைத்த துணி ரோஸ் ஆகிவிட்டது.

"ஏனுங்க, இந்தச் சிவப்பு நிக்காதுங்க. தண்ணி ஊத்தவே கூடாது. பச்சத் தண்ணியில கொஞ்சம் வினிகர் விட்டு, துணியை நல்லாப் பிழிஞ்சு, ஒத்தி ஒத்தித்தான் எடுக்கோணும். உடனே காஞ்ச துண்டால ஈரத்தை வாங்கிப்போடோணும். மட்டமா விரிச்சு ஃபேன் காத்துல காயவெக்கோணும்."

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது ஒரு மூலை மட்டும் முடித்திருந்தாள். அந்த மூலையில் சிவப்பு ஒரு நூல் நகரவில்லை. அது என் கண்ணில் படவில்லை.

"இன்னா, ஒத்திக்கினே இருக்க? இப்படிப் போனா அடுத்த பூசத்துக்குத்தான் முடியும்."

அவள் காய் வாங்கப் போன நேரத்தில் கம்பளத்தைப் பின்பக்கம் இழுத்துப்போட்டேன். குளிக்கக் காய்ச்சிய வெந்நீரை ஊற்றினேன். கிரீஸ் கறை போக வேலையிடத்தில் தருகிற காரமான சோப்பைத் தேய்த்து, தேங்காய் நார் பிரஷால் உரித்தெடுத்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அழுக்கு போகிறது என்று நினைத்தேன். ஈரத்தோடு சுருட்டி மூலையில் நிறுத்தினேன்.

அவள் வந்ததும் பெருமையாகப் பிரித்துக் காட்டினேன். ஆடு அறுத்த இடம்போல் இருந்தது.

"நாந்தான் சொன்னேனுங்களே" என்றாள்.

இவ்வளவுதான் சொன்னாள். தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கை ஓங்கியது. இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தேன். துவைக்கிற கல்லில் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று அறைந்தேன். பிரஷால் முதுகில் அடித்தேன், அதன் கட்டை உடையும் வரைக்கும். அது முதல் அடியும் இல்லை. கழுத்தில் நான் உருத்திராட்சம் போட்டிருந்தேன்.

அவள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "சுருட்டி வெக்காதீங்க, சாயம் இன்னும் ஏறும்" என்று சொல்லி, மற்ற கையால் கம்பளத்தை விரித்து, பச்சைத் தண்ணீரில் சோப்பை அலசிவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரைத் தெளித்து, வீட்டிலிருந்த துண்டையெல்லாம் போட்டு ஒத்தினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்" என்றேன். டாக்டர் கன்னத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்தார். "அப்படியாம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். காது ஜவ்வு கிழிந்திருந்தது.

பஜனையில் ஒருவர், "என்ன சாமி, பூவெல்லாம் வெத்தலை போட்டுத் துப்பியிருக்கு?" என்று கேலி செய்தார்.

"பொம்பளை வேலை சார்" என்றேன். கூசாமல் சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டேன்.

இப்போதும் வலப்பக்கம் போய் நின்று பேசினால்தான் அவளுக்குக் கேட்கும். பஜனையில் தலையைச் சாய்த்து உட்காருவாள். பக்தி என்று நினைக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு நான் கை நீட்டவில்லை. அதனால் நான் நல்லவன் ஆகிவிடவில்லை.

போன மாதம் பிளாக் வாட்ஸப் குரூப்பில், கம்பளத்தில் சாயம் விடாமல் சுத்தம் பண்ணுவது எப்படி என்று ஒருவர் கேட்டார். அவள் முறையை அப்படியே டைப் பண்ணிப் போட்டேன். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். அன்று ராத்திரி வலப்பக்கம் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன்: "எல்லாத்தையும் எழுதிடட்டுமா?"

"எழுதுனா அடிச்சதையும் எழுதுங்க. வினிகர் மட்டும் எழுதி என்னத்துக்கு?" என்றாள்.

எழுதிவிட்டேன். படிப்பவர்கள் நாலு பேருக்குக் கொடுங்கள். ஆனால் கம்பளக் குறிப்பை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்காதீர்கள். வழுக்கி விழுந்தாள் என்று நான் ஏற்கெனவே ஒரு தடவை மாற்றிச் சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.