ஊசிக்கான அனுமதிக் கடிதம்

பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் மருந்துக்கடையில் நான் கடிதம் எழுதும் வேலை பார்த்தேன். கத்தரிக்கோல் ஒன்று வெளிநாட்டிலிருந்து வருவதென்றாலும் கொழும்பில் அனுமதி வாங்க வேண்டிய காலம் அது. அந்த விண்ணப்பங்களை இங்கிலீஷில் டைப் அடிப்பது என் பொறுப்பு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன் டைப் அடிக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருஷம் என் தங்கச்சிக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. கொழுந்துக்கூடையின் கயிறு பட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்க்காமல் என்ன வியாதி என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அங்கிருந்த பழைய ஊசியில், ஆழமாக இறங்காமல் தடுக்கிற வளையம் உடைந்திருந்தது. அதை நெஞ்செலும்பில் குத்தினால் இதயம் வரை போய்விடலாம் என்று அவர் சொன்னார். புதிய ஊசி ஒன்றை எங்கள் கடை மூலம் தருவித்திருந்தார். அது அனுமதி கிடைக்காமல் கொழும்புச் சுங்கத்தில் கிடந்தது.

கொழும்பில் அனுமதி கொடுக்கிற கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஊசியை யார் பாவிப்பார், எதற்கு, எப்படிச் சுத்தம் செய்வார் என்று மூன்று கேள்விகள். பதிலைத் தனக்கே நேரடியாக அனுப்பவும் என்று கடைசி வரி, கீழே அந்தக் கந்தோரின் பெரிய அதிகாரியின் கையெழுத்து. டாக்டரிடம் கேட்டு அன்றைக்கே அடித்து முடித்தேன். உறையில் விலாசம் எழுதப் போனபோதுதான் பயம் பிடித்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கு நான் நேரே எழுதுவதா?

எங்கள் தோட்டத்தில் துரையிடம் யாரும் நேரே போகமாட்டார்கள். கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் பெரிய கிளாக்கரிடம் சொல்வார். கிளாக்கர் மனது வைத்தால் துரை காதுக்குப் போகும். ஒருமுறை அப்பா ஏதோ அவசரத்தில் பங்களா வாசலுக்கே போய்விட்டார். பதினைந்து நாள் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அந்தப் பதினைந்து நாளும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சப்பாத்துப் போட்டு டவுனுக்கு வந்தும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. மரியாதையாக இருக்கட்டுமே என்று, மேலிடத்துக்கு அனுப்பிவைக்கும்படி ஒரு குறிப்பு எழுதி, கடிதத்தைப் பதுளையிலேயே ஒரு சுகாதார அதிகாரியின் கந்தோரில் கொடுத்தேன். முதலாளியிடம் அனுப்பியாச்சு என்றேன்.

அதிகாரி நீண்ட லீவில் போயிருந்தது எனக்குத் தெரியாது. தினமும் தபால்காரருக்காகக் காத்திருந்தேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், அவள் கையில் புதிதாக நீலம் தெரிகிறதா என்று அவளுக்குத் தெரியாமல் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று இருக்கும். மூன்றாவது வாரம் முதலாளி கொழும்புக்கு டிரங்க் கால் போட்டார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பதிலே வரல்லியாம். நீ யாருக்கு அனுப்பின?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு உடனே ரயில் ஏறச் சொன்னார். அது சுகாதார அதிகாரியின் மேசையில் பிரிக்கப்படாமலே கிடந்தது. ரயிலில் வழி முழுக்க, துரை பங்களா வாசலில் நிற்கிற மாதிரி நடுங்கிக்கொண்டு போனேன். கொழும்பில் அந்தப் பெரிய மனிதர் ஒரு கையில் கடித்த பணிஸோடு கடிதத்தை வாசித்தார், மற்றக் கையால் கையெழுத்துப் போட்டார். அவருடைய டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்கு அழுகையாக வந்தது.

ஊசி வந்தது. டாக்டர் மஜ்ஜை எடுத்தார். வியாதி பிடிபட்டது, மருந்தும் தொடங்கினார்கள். ஆனால் அந்த மருந்தைத் தாங்குகிற பலம் அதற்குள் அவள் உடம்பில் இல்லாமல் போயிருந்தது. முந்தியே தொடங்கியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கடைசி நாட்களில் தங்கச்சி கோபமாகத்தான் இருந்தாள்.

"அந்தக் கொழும்பு ஆளுக நாசமாப் போவானுக. ஒரு ஊசிய இத்தன நாளா புடிச்சி வச்சிருந்தானுகளேண்ணே" என்றாள்.

எனக்கு அவளிடமும் பயமாக இருந்தது. ஆமா என்றேன்.