மூன்று நின்றுபோன இடம்

இன்டர்மீடியட் கணக்குப் பரீட்சையில் நான் தோற்றவுடன், அப்பா என்னை ஆம்பூரில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் சேர்த்துவிட்டார். பதனிட்டு முடிந்து வரும் தோல்களைத் தரம் பிரிக்கிற வேலை. இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம், அதிலும் கோட்டைவிட்டால் படிப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பக்கத்து மேஜையில் இருந்த நண்பன், வீட்டில் உருது பேசுகிறவன், அவனும் என்னைப் போல் தோற்றவன்தான். இருவரும் வேலூர் போய் மறுபடி எழுதினோம்.

திரும்பும் பஸ்ஸில் நான் குஷியாக இருந்தேன். இரண்டு சார்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கிற கணக்கு வந்திருந்தது. முதல் சார்பு, கொடுத்த எண்ணிலிருந்து மூன்றைக் கழித்து, மீதியால் ஒன்றை வகுக்கும். இரண்டாவது, அந்த விடையால் மறுபடி ஒன்றை வகுக்கும். சேர்த்துச் சுருக்கினால் வகுத்தலெல்லாம் மறைந்து, மூன்றைக் கழிப்பது மட்டும் மிஞ்சும். எந்தெந்த எண்களுக்கு இது செல்லும் என்பது கேள்வி. எல்லா எண்களுக்கும் என்று எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தேன்.

"மூணு போட்டா?" என்றான் நண்பன்.

"பூஜ்யம் வருது. அதுல இன்னா தப்பு?"

"கடைசில வர்றத பாக்காதப்பா. முதல் சார்புல மூணு போடு. பூஜ்யத்தால வகுக்கணும். அங்கயே நின்னுபோச்சு. அப்புறம் ரெண்டாவதுக்கு எதை எடுத்துட்டுப் போவ?"

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை அவனோடு மல்லுக்கு நின்றேன். பாதி வழியிலேயே அவன் சொல்வது சரி என்று தெரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. ஒரு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் வேலை முடிந்த தோல். மேல்பக்கம் பளபளவென்றிருந்தால் முதல் தரம் என்று ஒதுக்குவேன், அது ஊறிவந்த எந்தக் குழியில் என்ன ஆயிற்று என்று கேட்டதே இல்லை. கணக்கையும் அப்படியே பார்த்துத் தொலைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை நான் முதல் தரத்தில் போட்ட தோலை நண்பன் எடுத்துப் புரட்டினான். அடிப்பக்கம் சுண்ணாம்பு அரித்திருந்தது.

"சுண்ணாம்புக் குழியிலயே போய்டுச்சு இது" என்றான்.

குத்திக்காட்டுகிறானோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

முடிவு வந்ததும் அவன் தேறி, மேலே படிக்க வேலூர் போய்விட்டான். எனக்குத் தேற இரண்டு மார்க் குறைந்தது. கொட்டகைக்குக் கிளம்பு என்று அப்பா சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தார்.

அந்த மேஜையில் பதினொரு வருஷம் இருந்தேன். எந்தத் தோல் வந்தாலும் முதலில் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பேன். என்னைப் போலத் தரம் பிரிக்க ஆளில்லை என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லுவார். அதைக் கேட்கும்போதெல்லாம், பரீட்சையில் வராத புத்தி என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.