காந்தமா, சூடா

சூரியமின்கல ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் காந்தக்கா என்று பெயர். மெல்லிய கண்ணாடித் தகட்டில் கறுப்புப் பூச்சைப் பூசி, அது காய்கிற நேரத்தில் இரண்டு பெரிய கம்பிச் சுருள்களுக்கு நடுவே வைத்து, சுருள்களில் மின்சாரம் பாய்ச்சுவாள். அப்படிக் காந்தப்புலத்தில் காய்ந்த தகடு, வெயிலில் வைத்தால் மற்றதைவிடக் கூடுதலாக மின்சாரம் தந்தது. துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. மேடை மேடையாக ஏறிப் பேசினார். அவளும் பூரித்துப்போய்தான் இருந்தாள். “போதும்மா, உன் காந்தம் எங்க காதுலயும் ஒட்டிக்கிச்சு” என்று மகள் கிண்டல் பண்ணுகிற அளவுக்கு வீட்டிலும் அதே பேச்சு.

ஒருநாள் தகட்டை எடுக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். சுருள் கொதித்துக் கிடந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. காந்தமே இல்லாமல், சாதாரண மின்னடுப்பின் மேல் அதே அளவு சூடு காட்டிப் பார்த்தாள். அதே கூடுதல் மின்சாரம் கிடைத்தது. அடுத்து, சுருளைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும் குழாயைக் கட்டி, சூடில்லாமல் காந்தத்தை மட்டும் கொடுத்தாள். ஒன்றும் கூடவில்லை. எத்தனை தடவை செய்தும் அதேதான்.

தலைவர் அறைக்கதவைச் சாத்தினார்.

“சார், காந்தம் ஒண்ணும் பண்ணல. சூடுதான் பண்ணியிருக்கு. நல்லதுதானே சார்? சூடு காட்டுறது சுலபம்.”

“அந்தச் சுலபம்தாம்மா தொல்லை. வெறும் சூடுன்னு சொன்னா எவன் நம்மளத் திரும்பிப் பார்ப்பான்? வாயை மூடிட்டு இருங்க.”

“ஊரெல்லாம் காந்தம்னு சொல்லிட்டோமே சார்.”

“அதனாலதான் மூடச் சொல்றேன்.”

அவளால் முடியவில்லை. துறைக் கூட்டத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். அடுத்த வாரமே அவளைக் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

“உண்மையைச் சொல்லிட்டே, சந்தோஷம். இப்ப மனசு குளிர்ந்துச்சா?” என்றான் கணவன். அவனிடமும் அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

சில வருடங்கள் கழித்து வெளியூர் ஆய்வாளர்கள் சிலர், அது சூட்டின் வேலைதான் என்று நிரூபித்தார்கள். அந்த வருடக் கருத்தரங்கில் ஒருவர் தலைவரிடம் நேராகவே கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம்தான். அளவெடுத்த அம்மா சூட்டைக் கவனிக்காம விட்டுட்டாங்க. அவங்களை அப்பவே அந்த வேலையிலேர்ந்து மாத்திட்டோம்.”

கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த அவள் விருட்டென்று எழுந்தாள். சொல்ல வேண்டியது நெஞ்சு வரை வந்தது. அவள் வெளியே போகத்தான் எழுந்தாள் என்று நினைத்து, வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை மடக்கி வழி விட்டார்கள். அவள் போய்விட்டாள்.

“உன்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?” என்று ஆசையாகக் கேட்டாள் மகள்.

“சொன்னாங்க” என்றபடி செருப்பைக் கழற்றினாள்.