எட்டுப் படையலில் இடமில்லாத எகுசி

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய சூட்கேசில் பாதி இடத்தை ஒரு ரைஸ் குக்கர் அடைத்திருந்தது. உடைந்துவிடக் கூடாதென்று இரண்டு பழைய சேலைகளால் சுற்றியிருந்தார். கூடவே ஒரு சின்னச் சட்டி, ஒரு அகப்பை, ஒரு சில்வர் கோப்பை. மெல்போர்னில் சட்டி பானை கிடைக்காதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. என் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்த எதையும் அவர் தொடப்போவதில்லை.

காரணம், என் கணவர் நைஜீரியர். வெள்ளைக்காரரைக் கட்டியிருந்தால் எங்கள் சனம் ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு, பிறகு அவருக்குத் தோசை சுடப் பழக்கியிருக்கும். கறுத்தவர் என்றதும் எல்லோருக்கும் தாங்கள் ஏதோ பாலில் தோய்த்து எடுத்த நிறம் என்ற நினைப்பு வந்துவிட்டது. கலியாணத்துக்கு யாரும் வரவில்லை. பத்து வருஷமாக அம்மாவும் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. இப்போதுகூட ஆசையில் வரவில்லை. சிட்னியில், கிரவீனில் இருக்கும் அண்ணா வீட்டில்தான் இருந்தார். அண்ணாவின் மனைவி, எங்கள் வழக்கப்படி எனக்கு மச்சாள். அவளுடைய தாயும் தகப்பனும் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் அறை போதாமல் போயிற்று. “ரெண்டு மாதம் அம்மாவை வைச்சிரு” என்றார் அண்ணா. அந்த இரண்டு மாதம் ஒன்றரை வருஷத்துக்கு இழுபட்டது.

ஒரு வீட்டில் சாப்பிடாமல் விடுவது எங்களில் சின்ன விஷயமில்லை. சண்டை பிடிக்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம். “இப்பதான் சாப்பிட்டனான், ஒரு மிடறு தண்ணி தா, காணும்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனால் போதும். அந்த வீட்டோடு உறவில்லை என்று ஊருக்கே விளங்கிவிடும். என் அம்மா இந்த வீட்டில் சாப்பிட வேண்டும், சாப்பிட்டேன் என்று எங்கள் சனத்துக்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பத்து வருஷத்தில் நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வேறு எதைச் சொன்னாலும் பொய்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் திட்டம் போடுகிற வேலை செய்கிறேன். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சீனி ஆகாது என்று பார்ப்பதே பிழைப்பு. என் கணவரின் தகப்பன் பக்கவாதத்தில் போனவர். இவருக்கும் பிரஷர் ஏறத் தொடங்கியதும் அவருடைய ஊர்ச் சாப்பாட்டில் நான் கை வைத்தேன். எகுசி என்பது ஒருவகை முலாம்பழ விதை. அதை அரைத்து, சிவப்புப் பாம் எண்ணெயில் கீரையும் இறைச்சியும் காய்ந்த மீனும் சேர்த்துக் கெட்டியாகக் குழம்பு வைப்பார்கள். நான் எண்ணெயை ஒரு கரண்டிக்குக் குறைத்தேன். விதையில் பாதிக்குப் பூசணி விதையை வறுத்து அரைத்தேன். உப்புச் செறிந்த சூப் கட்டிகளைக் குப்பையில் போட்டேன். பசளிக் கீரையோடு முருங்கையிலையும் சேர்த்தேன். பிசைந்து உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குகிற இடித்த கிழங்குக்குப் பதிலாகக் குரக்கன், அதாவது கேழ்வரகு மாவையும் ஓட்ஸ் மாவையும் கொதிநீரில் கிண்டினேன். தக்காளியும் மிளகாயும் அரைத்து ஊற்றி ஆக்குகிற ஜொலோஃப் சோற்றை வரகரிசியில் ஆக்கி, கருவேப்பிலையும் போட்டேன். தன் தாய் இதைக் கண்டால் எனக்குக் கதவே திறக்க மாட்டார் என்று கணவர் பகிடி பண்ணுவார். சமையல் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. உப்பில்தான் சமாதானமாகவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு உப்புப் போத்தலை வைத்துக்கொண்டு, நான் திரும்பும் நேரம் பார்த்துத் தட்டிக்கொள்வார்.

அம்மா முதல் மாதங்களில் தன் குக்கரில் தன் சோற்றை வடித்துக்கொண்டு, அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டார். என் கணவர் வேலையால் வந்து, “அம்மா, சாப்பாடு?” என்று தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் ஒன்றாகப் போட்டுக் கேட்பார். அம்மா சுவரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

பிறகு அம்மாவுக்குச் சுகர் எக்கச்சக்கமாக ஏறியது, கூடவே பிரஷரும். வெள்ளைச் சோற்றை விடச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாடின முகத்தோடு பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் குசினியில் எகுசி வறுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து வாசலில் நின்றார்.

“அதென்ன வாசம்? எள்ளு வறுக்கிறியோ?”

“இல்லையம்மா. ஒரு விதை. இவற்ர ஊர்க் கறிக்கு.”

“மீன் கீன் போடுறியோ?”

“உங்களுக்கெண்டால் போடாமல் வைப்பன். காளான் போடலாம்.”

அம்மா வாசலை விட்டுப் போகவில்லை. கறி இறங்கியதும் தன்னுடைய சில்வர் கோப்பையை நீட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே, அடிக்கடி கதவைப் பார்த்துக்கொண்டு, குரக்கன் உருண்டையைக் கறியில் தோய்த்துச் சாப்பிட்டார்.

“உப்புக் காணாது” என்றார். இன்னும் கொஞ்சம் வாங்கினார்.

அடுத்த கிழமை கதிரையில் இருந்து சாப்பிட்டார். அதற்கடுத்த கிழமை என் வீட்டுத் தட்டில். பிறகு மூன்று பேரும் ஒரே மேசையில். உப்பு விஷயத்தில் அவருக்கும் என் கணவருக்கும் ஒரு கூட்டணி வந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பினால் போத்தல் அம்மா பக்கம் போகும். நான் சத்தம் போட்டும் கேட்காததால் அம்மாவுக்கு வேறாக உப்பே இல்லாமல் வைக்கத் தொடங்கினேன். புளி கரைத்து ஊற்றிச் சமாளித்தேன். “தம்பிக்குக் கொஞ்சம் வை, எல்லாத்தையும் எனக்குப் போடாதை” என்று ஒருநாள் அம்மா சொன்னார். தம்பி என்று அவர் சொன்னது என் புருஷனைத்தான். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. குக்கர் களஞ்சிய அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா வீடியோவில் எடுப்பார். அவருக்குப் பின்னால் மச்சாளும், வந்திருக்கும் சொந்தங்களும் எட்டிப் பார்ப்பார்கள். “என்ன மாமி, சாப்பாடெல்லாம் எப்பிடி?” என்று மச்சாள் கேட்பாள். கேள்வியிலேயே ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும்.

“எனக்கெண்டு ஒரு சுண்டு அரிசி போடுறன் பிள்ளை. உங்கயிருந்து கொண்டுவந்த குக்கர்தான். இவையின்ர சாப்பாடு எனக்கேன்?”

இதைச் சொல்லும்போது அம்மாவுக்கு முன்னால் கழுவாத தட்டில் எகுசி காய்ந்துகொண்டிருக்கும். போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். நான் அங்கேயே நின்று சட்டி துலக்குவேன். ஒருநாள் கேட்டேன், “ஏனம்மா இப்பிடி?” என்று. “சனம் என்ன கதைக்கும் எண்டு உனக்குத் தெரியாது பிள்ளை. நீ இஞ்ச இருக்கிறாய். நான் அவைக்குள்ள திரும்பிப் போக வேணும்” என்றார். திரும்பிப் போக வேணுமாம். அறை காணாதென்று பார்சல் கட்டி அனுப்பினவர்களிடம்.

தீபாவளிக்கு அண்ணா டிக்கெட் போட்டார். புறப்படுகிறதுக்கு முதல் நாள் அம்மா குக்கரை இறக்கித் தரச் சொன்னார். மேலே ஒரு படை தூசி. “நல்லாத் தேய்ச்சுக் கழுவித் தா” என்றார். பாவித்தது போல் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது. என் கையாலேயே தேய்த்துக் கழுவித் துடைத்து, அதே இரண்டு சேலைகளில் சுற்றிக் கொடுத்தேன். வாசலில் கணவர் பெட்டியைத் தூக்க, “போட்டு வாறன் தம்பி” என்றார். “வந்து அந்தக் கீரைக் கறி வைக்க வேணும்” என்று எனக்கும் சொன்னார்.

வரவில்லை. தீபாவளி கழிந்து சில நாளில் பக்கவாதம் அடித்தது. நாங்கள் காரில் ஓடிப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறந்தவர்களுக்கு எட்டாம் நாள் அவர்கள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். எட்டுச் செலவு என்போம். அண்ணா வீட்டில் எங்களுக்குப் படுக்க இடமில்லை. பக்கத்தில் நார்த்மீட்டில் சின்னக் குசினி உள்ள ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தோம். அங்கே நின்று அம்மாவுக்கு வைப்பது போலவே வைத்தேன். மீனில்லை, இறைச்சியில்லை, உப்பில்லை. யாரும் ஒரு குறை சொல்லக் கூடாதென்று எண்ணெயைக்கூட ஒருமுறை வடித்தேன். குரக்கனைச் சின்ன உருண்டைகளாக உருட்டி ஒரு டப்பாவில் அடுக்கினேன். முருங்கையிலை ஆய்ந்தது என் கணவர். கறியை அலுமினியத் தட்டத்தில் ஊற்றி, மேலே அவர்தான் தாளைச் சுற்றி மூடினார்.

கிரவீன் வீட்டில் அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை நிறைந்திருந்தது. கத்தரிக்காய்ப் பொரியல், இறால், முறுக்கு, பால்ரொட்டி என்று, மீன் இறைச்சியை விட்டு, பிரஷரும் வந்தபிறகு அம்மா எட்டியும் பார்க்காத பண்டங்கள். ஒரு மூலையில் ஒரு துண்டு பீட்சா. அம்மா பேரப்பிள்ளைகளோடு ஒருமுறை விரும்பிச் சாப்பிட்டாராம். நான் தட்டத்தோடு நின்றேன். அண்ணா என்னைக் கையில் பிடித்துக் குசினிக்குள் கொண்டுபோனார்.

“இதை வைக்க வேண்டாம்.”

“ஏன்?”

“அம்மா சாப்பிட்டதைத்தான் வைக்கிறது.”

“அவ இதைத்தான் ஒவ்வொரு கிழமையும் கேட்டுச் சாப்பிட்டவ, அண்ணா.”

மச்சாள் மேசையைக் காட்டினாள். அங்கே அந்த ரைஸ் குக்கர் பளபளவென்று இருந்தது. “பாருங்கோ. பாவம் மாமி, இதை வைச்சுத்தான் அங்க காலத்தை ஓட்டினவ” என்றாள், பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி. அவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

“அது பொய். ஒரு வருஷமா அது அலமாரியில கிடந்தது” என்றேன்.

அண்ணா குரலை இறக்கினார். “ஞாயிறு ஞாயிறா எனக்கு அவ தன்ர வாயால சொன்னவ. செத்தாப்பிறகு அம்மாவைப் பொய்க்காரி ஆக்காதை.”

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அம்மாவின் படத்துக்கு முன்னால், அந்தச் சனத்துக்கு நடுவில், அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்ல வேண்டும். அண்ணாவுக்கு அது நன்றாகத் தெரியும். தட்டத்தை வாங்கிக் கராஜில் இருந்த பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

கை கழுவுகிற இடத்தில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கிட்ட வந்து நின்றார். “அக்கா எனக்குச் சொன்னவ” என்றார் மெதுவாக. “அந்தப் பெடியன்ர ஊர்க் கறி நல்ல ருசி, சுகரும் இறங்கீட்டுது எண்டு.”

“அப்ப அதை அண்ணாட்டச் சொல்லுங்கோ சின்னம்மா. ஒருக்கால் சொல்லுங்கோ.”

“இப்ப அதைக் கதைச்சு என்ன வரப்போகுது பிள்ளை. விடு.” ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் இலைக்கு முன்னால் நின்று தேவாரம் பாடினார். நல்ல குரல் சின்னம்மாவுக்கு. அன்றைக்கு எனக்கு அந்தக் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை.

என் கணவர் காலையிலிருந்து ஆம்பிளைகளோடு கதிரை தூக்கினார், கூடாரம் கட்டினார். படையல் முடிந்ததும் அவரையும் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். போட்டதையெல்லாம் வழித்துச் சாப்பிட்டார். “பாருங்கோ, என்ன வடிவாக் கையால சாப்பிடுறார்” என்று ஒரு அன்ரி அதிசயப்பட்டார். அவருடைய ஊரிலும் கையால்தான் சாப்பிடுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லி என்ன.

வெளிக்கிடும்போது கராஜுக்குப் போய்த் தட்டத்தையும் டப்பாவையும் எடுத்து, காரின் பின்பக்கம் இருந்த ஐஸ் பெட்டிக்குள் ஆழமாக வைத்து, மேலே ஜூஸ் போத்தல்களை அடுக்கினேன். கார் வீதிக்கு ஏறியதும் கணவர் கேட்டார், கறியை இலையில் வைத்தார்களா என்று.

“ஓம்” என்றேன். அவருக்கு விளங்கும் தமிழ்ச் சொல் அது. நடுவில் வைத்தார்கள் என்று ஆங்கிலத்திலும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அம்மாவுக்குப் பிடித்திருக்கும் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனை உயர்த்திப் பிடிக்கிற அம்மாவின் கைதான் கண்ணுக்குள் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மெல்போர்னில் எங்கள் ட்ருகனினா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவருக்குத் தெரியாமல் கொட்டிவிட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். மழை வரும்போல் இருந்ததால் வெளியே காய்ந்த உடுப்பை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் ஐஸ் பெட்டியைக் குசினிக்குக் கொண்டுவந்து திறந்துவிட்டிருந்தார். மேசையில் தட்டம். தான் சுற்றின தாளைத் தானே பிரித்திருந்தார். ஒரு கரண்டிகூடப் படாத கறி, ஊற்றினபடியே இருந்தது.

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் உடுப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு தட்டு எடுத்தார். சூடாக்கி, உருண்டைகளைப் பிரித்து வைத்து, அம்மாவின் கதிரைக்கு எதிரே தன் வழக்கமான இடத்தில் இருந்தார். உப்புப் போத்தல் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அம்மாவுக்கென்று நான் உப்பில்லாமல் வைத்த கறியை, கடைசி உருண்டை வரைக்கும், அவர் அப்படியே சாப்பிட்டார்.