தகடு குளிர்ந்த ஜீப்

காஜா மைதீன் டீயை முழுதாகக் குடிப்பதில்லை. கம்பம் ஜீப் ஸ்டாண்டில், என்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் தூக்கி, கிளாஸில் மிஞ்சிய கடைசி வாயைப் புகைக்குழாயின் மேல் ஊற்றுகிறார். ஊற்றிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். மற்ற ஜீப்புகளில் அந்த டீ விழுந்த இடத்திலேயே 'சுர்' என்று ஆவியாகிவிடும். இவருடைய குழாயில் அது கொஞ்ச தூரம் வழிந்து, யோசித்து, பிறகுதான் மறைகிறது. "பாத்தீகளா, அவசரமே படல," என்கிறார். பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் நேற்றும் பார்த்தவர்கள்.

ஐம்பதை நெருங்குகிறார். கறுப்புக் கமாண்டர் ஜீப். விடியும் முன் புதுப்பட்டியில் பெண்களை ஏற்றி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது தொழில். ஜீப் நிறைந்துவிட்டால் "போதும்" என்று சொல்ல மாட்டார், "மதி" என்பார். மலையாளத்தில் சொன்னால் இன்னும் ஒருவர் ஏற மாட்டார் என்று நம்புகிறார். ஏறிவிடுகிறார்கள். மழைக்காலத்தில், தண்ணீர் ஒட்டாமல் வழிய, முன் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பார். கொண்டை ஊசி வளைவுகளில், எதிரில் வண்டி இல்லை என்று தெரிந்தாலும் ஹாரன் அடிப்பார். அவருடைய காலடியில் ஒரு ரப்பர் மேட் கிடக்கும். என்ஜின் சூட்டில் அதன் ஒரு மூலை உருகி, தோசையின் ஓரம் மாதிரி சுருண்டிருக்கும். அது இல்லாமல் மேடு ஏற முடியாது, பாதம் பொரிந்துவிடும் என்று முன் சீட்டில் அவ்வப்போது போகிற என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்.

அந்த ஜீப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு இடம். ராமுத்தாய்க்குப் பின்பக்க இடது மூலை. அவர் அந்தக் கூட்டத்தில் மூத்தவர் இல்லை. ஆனால் அவர் எந்த ஜீப்பில் ஏறுகிறாரோ அதில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்பும் கங்காணி சின்னக்கருப்பு இதில் தலையிடுவதில்லை. பெண்கள் ஏறுகிற வண்டிக்குத்தான் வாடகை என்பது அவருடைய ஏற்பாடு. ஆகவே காஜா மைதீனின் பிழைப்பு, நாற்பது கிலோவுக்கு மேல் இருக்காத ஒரு பெண்மணி காலையில் எந்தப் படியில் கால் வைக்கிறார் என்பதில் இருந்தது.

ராமுத்தாயின் மூலைக்கு நேர் கீழே புகைக்குழாய் போகிறது. ஜீப் மேடு ஏற ஏற அந்த இடத்துத் தகடு காயும். மூன்றாவது வளைவு தாண்டியதும் ராமுத்தாய் சொல்வார்: "காலு வேகுது பாய்." வருடக்கணக்காகச் சொன்னார். அதே வளைவு, அதே குரல். மற்ற டிரைவர்கள் என்றால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். காஜா மைதீன் ஒரு குறையைக் கேட்டால் அது தீர்க்கப்பட வேண்டும் என்று எண்ணுகிறவர். இது நல்ல குணமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

2007இல் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனவர், பந்தய வண்டிகளின் புகைக்குழாய்களுக்குச் செராமிக் பூச்சுப் பூசும் ஒரு பட்டறையைப் பார்த்துவிட்டார். பிரியாணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்ததாக அவருடைய மனைவி ரஃபியா இன்றும் சொல்கிறார். திரும்பி வந்ததும் ஸ்டாண்டில் விளக்கம் நடந்தது. "சூடு உள்ள இருந்தா வேலை செய்யும். வெளிய வந்தா வேலயக் கெடுக்கும்," என்றார். இதை அவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லவில்லை. குழாயைப் பற்றி மட்டுமே சொன்னார்.

மெக்கானிக் சுந்தர்ராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சு பந்தயத்துக்கு ஓடுகிற வண்டிக்கு ஆனது, டீசல் ஜீப்புக்கு அதனால் மைலேஜ் கூடாது, பவரும் கூடாது என்றார். "ஒம்ம வண்டிய மேட்டுல ஆட்டுக்குட்டி முந்திட்டுப் போகுது பாய். அதுக்கு எதுக்குப் பூச்சு?" காஜா மைதீன் குழாயை முன்னிருந்து பின்வரை கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

திரும்பி வந்த குழாய் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது. செலவைப் பார்க்கும்போது அவர் கொஞ்சம் பளபளப்பை எதிர்பார்த்திருந்ததாகத் தெரிந்தது. ஆனால் தகடு குளிர்ந்தது. முதல் நாள் மூன்றாவது வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி, பெண்கள் ஒவ்வொருவரையும் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்துப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாயடைத்துப் போனார்கள் என்று எடுத்துக்கொண்டார். ராமுத்தாய் காலைத் தகட்டில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவர்கள் அதே ஸ்டாண்டில் ஓட்டுகிற பால்பாண்டியின் ஜீப்பில் ஏறினார்கள்.

ஏலக்காய் பறிப்பு ஆரம்பிக்கிற நேரம். ஒரு வருடத்து வருமானம் அந்தச் சில மாதங்களில்தான். காஜா மைதீன் ஸ்டாண்டில் நின்று காரணங்களைச் சோதித்தார். பால்பாண்டி புதுப் பாட்டுப் போடுகிறான் என்று ஒரு கேசட் வாங்கினார். சீட் ரெக்ஸின் கிழிந்திருப்பதுதான் காரணமோ என்று தைத்தார். ஹாரன் தொல்லை என்று யாரோ சொன்னதால் இரண்டு நாள் ஹாரன் அடிக்காமல் ஓட்டிப் பார்த்து, வியர்த்து, விட்டுவிட்டார். ஏறியவர்கள் மிளகு வியாபாரி ஒருவரும் நானும் மட்டும். ஜீப்பை விற்றுவிட்டு ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போகலாமா என்று ரஃபியாவிடம் கேட்டிருக்கிறார். மூச்சு வாங்கும் ஆளுக்கு மருந்தடிக்கிற வேலை எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஒரு காலை, ஜீப்புகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் பால்பாண்டியின் வண்டி. காஜா மைதீன் இறங்கிப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நானும் இறங்கினேன். பெண்கள் எல்லோரும் கால்களைச் சீட்டின் மேல் மடக்கி வைத்திருந்தார்கள். இடது மூலைத் தகட்டில் அத்தனை பேரின் தூக்குவாளிகளும் நெருக்கியடித்து நின்றன. மூடிகளின் ஓரத்தில் ஈரம் கோத்திருந்தது. குழம்பு வாசனை வந்தது.

பெண்கள் இருட்டோடு எழுந்து பொங்கிய சோறு அது. தோட்டத்தில் இறங்கியதும், மலைக்குளிரில் நின்று, வேலைக்கு முன் சாப்பிடுவார்கள். அவருடைய ஜீப்பிலும் இத்தனை வருடம் வாளிகள் அந்த மூலையில்தான் இருந்தன. அவர் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறார்.

"இங்கனயும் காலு வேகுதுல்ல?" என்று கேட்டார்.

"வேகுது," என்றார் ராமுத்தாய். "சோறும் சுடுதுல்ல."

"பெறகு ஏன் ஆத்தா இத்தன வருசமா சொல்லிக்கிட்டே வந்த?"

"வெந்தா வேகுதுன்னுதான் சொல்லணும். எடுத்துருன்னா சொன்னேன்?"

ராமுத்தாய் வாளியின் மூடியை அழுத்திவிட்டு, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: "அம்புட்டு ஆசையாத் தொட்டுப் பாக்கச் சொன்னீக. அப்ப எப்பிடி பாய் சொல்றது? பச்சத்தண்ணி மாதிரி சோத்த ஒரு வாரம் தின்னோம்ல."

வரிசை நகர்ந்தது. பால்பாண்டி ஹாரன் அடித்தான்.

அன்று மாலையே சுந்தர்ராஜிடம் போனார். பூச்சைச் சுரண்டிப் பார்த்தார்கள். வரவில்லை. பூச்சு தரமானது என்பது அப்போதுதான் ஐயமின்றி நிரூபணமானது. கடைசியில் மூலைக்குக் கீழே வருகிற ஒரு முழம் குழாயை மட்டும் அறுத்தெடுத்து, அந்த இடத்தில் பட்டறையின் பின்னால் கிடந்த துருப்பிடித்த துண்டு ஒன்றைப் பற்றவைத்தார்கள். சுந்தர்ராஜ் சிரிக்காமல் வேலை பார்த்தார். அதைக் குறிப்பிட வேண்டும்.

பூச்சு உள்ள பாகம் பல மழை கண்டும் துருப்பிடிக்கவில்லை. மைலேஜ் கூடவில்லை. பயனுண்டா என்று கேட்டுப் போடியிலிருந்து ஒரு டாக்சிக்காரர் வந்தபோது, காஜா மைதீன் அவரை ஜீப்பின் முன்பக்கம் கூட்டிப்போய் டீயை ஊற்றிக் காட்டினார். பின்பக்கம் கூட்டிப்போகவில்லை.

பற்றவைத்த மறுநாள் காலை புதுப்பட்டியில் ஜீப்பை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், இறங்காமலே உட்கார்ந்திருந்தார். ராமுத்தாய் வந்தார். ஏறவில்லை. குனிந்து, மூலைத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாளியை வைத்தார். அதன் பின்னால் மற்ற வாளிகள் ஏறின. அவற்றின் பின்னால் பெண்கள். "மதி" என்றார். இன்னும் ஒருத்தி ஏறினாள்.

மேடு ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் அவர் ஹாரன் அடித்தார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலு வேகுது பாய்."

காஜா மைதீன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து, தன் காலடியில் கிடந்த ரப்பர் மேட்டை இழுத்து, தோளுக்கு மேல் பின்னால் நீட்டினார். அதை வாங்கும்வரை கையை இறக்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலைக் காலடித் தகட்டில் வைத்து ஓட்டினார்.