காபியைத் திருப்பி அனுப்பும் ஃபெதியே

ஃபெதியேவுக்குத் திமிர் அதிகம் என்று சொல்லாத வீடு எங்கள் மலையூர் ஜிரோகாஸ்தரில் கிடையாது. வேலை நடக்கும் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எங்கள் ஊரில் காபியைத் திருப்பி அனுப்புவதும் வீட்டுக்காரன் முகத்தில் கதவைச் சாத்துவதும் ஒன்றுதான். என் வீட்டுக் கூரையைப் பிரிக்கும்வரை நானும் அவளைத் திமிர்பிடித்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் கூரை மேல் ஏறுகிறவள் அல்ல. ஏறுகிறவன் அவள் கணவன் நெக்கி, கற்கூரை மேஸ்திரி. அவள் வேலை மேல்தெருவில் நின்று கத்துவது. எங்கள் மேட்டில் ஒரு வீட்டுக் கூரை அடுத்த தெருவின் காலடியில் கிடக்கும். அங்கே நின்றால் கூரையின் இரண்டு சரிவும் தெரியும். கூரை மேல் இருப்பவர்களுக்கோ மோட்டுக்கு அந்தப் பக்கம் தெரியாது.

எங்கள் கூரைகளில் ஆணி கிடையாது. கற்பலகைகள் தங்கள் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும். அடியில் இருக்கும் இருநூறு வருடத்து மரம் இரண்டு பக்கக் கனத்தையும் சரிசமமாகச் சுமந்து பழகியது. ஒரு பக்கம் மட்டும் கல்லை இறக்கினால் மறுபக்கம் மோட்டுவளையைத் தள்ளிவிடும். அதனால்தான், “தெக்கால ஒண்ணு! வடக்கால ஒண்ணு!” என்று அவள் கத்தக் கத்த இரண்டு பக்கமும் கல் இறங்கும். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

அக்டோபரில் என் வீட்டுக் கூரையைப் பிரித்து மறுபடி அடுக்கும் வேலை தொடங்கியது. தெற்கே நெக்கி, அவனுக்குக் கல் வாங்கிக் கொடுக்கச் சாரத்தில் தோமா. வடக்கே அண்ணன் தம்பி இரண்டு பேர். பாதிக் கூரை பிரிந்திருந்த நாளில், ஏழு வருடம் கழித்து என் தம்பி மகன் லாதோ கிரீஸிலிருந்து வந்து இறங்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. “ராக்கிச் சாராயத்த எடுத்து வை, மேல இருக்கறவங்களக் கூப்பிடு. அந்த ராங்கிக்காரிய நான் பாத்துக்கறேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டு, காபியோடு மேல்தெரு ஏறினேன்.

“வேண்டாம் ராப்போ அண்ணே. வேலை முடியட்டும்” என்றாள்.

“ஏழு வருஷம் கழிச்சு புள்ள வந்திருக்கான். இன்னைக்குமா? ஏன், என் வீட்டுக் காபி விஷமா?”

விஷம் என்ற சொல்லுக்கு மேல் எந்த விருந்தாளியும் மறுக்க முடியாது. அது தெரிந்துதான் சொன்னேன். அவள் கோப்பையை வாங்கினாள். வாங்கினால் முறையாக நலம் விசாரிக்க வேண்டும், முகம் பார்த்துப் பேச வேண்டும். என் முதுகு வலி, லாதோவின் மனைவி, அவன் பிள்ளைகள், செத்துப்போன என் கழுதை வரை விசாரித்தாள். கூரைக்கு முதுகு காட்டித்தான் நின்றாள். நடுநடுவே பழக்கத்தில் வாய் மட்டும், “தெக்கால ஒண்ணு! வடக்கால ஒண்ணு!” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஃபெதியே திரும்பினாள்.

மோட்டுவளை ஒரு சாண் தெற்கே சாய்ந்திருந்தது. வடக்கே ஆளே இல்லை. லாதோ கூப்பிட்டதும் இறங்கிய அந்த அண்ணன் தம்பிகள் என் முற்றத்தில் ராக்கிக் கோப்பையோடு நின்றார்கள். சாய்ந்த வளைக்கு நேர் கீழே, அவள் குரலை நம்பி எடுத்த கல்லோடு நெக்கி. இடுப்பில் கட்டியிருந்த கயிறு அவன் கீழே விழாமல் தடுக்கும், மேலே வந்து விழும் கூரையைத் தடுக்காது.

“நெக்கி! ஓடுடா!” என்று கத்தினேன்.

“வாய மூடுங்கண்ணே!” அவள் குரல் சாட்டை மாதிரி விழுந்தது. “நெக்கி, அசையாத. தாவினா கைமரம் நழுவிரும்.” முற்றத்திலிருந்து ஏணிக்கு ஓடியவர்களைப் பார்த்து, “யாரும் ஏறாதீங்க! வடக்க ஒரு ஆள் கனம்கூடத் தாங்காது!” என்றாள்.

“என்ன ஆச்சு ஃபெதியே?” நெக்கி தலையைத் திருப்பாமல் கேட்டான்.

“வடக்க ஆளில்லாம கத்திட்டேன். நீ எத்தன எடுத்த?”

“பதினொண்ணு.”

“பதினொண்ணையும் திருப்பி வை.”

“விளையாடறியா?”

“வையி, என் ராசா.”

அந்த முரட்டுப் பெண் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

கையிலிருந்ததை நெக்கி முதலில் வைத்தான். மற்றவற்றைச் சாரத்திலிருந்து தோமா ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்தான். “வை. கைய எடு. நில்லு” என்றாள். மரத்தின் சத்தத்தைக் கேட்டாள். பிறகு அடுத்தது. நாலாவது கல்லில் மரம் முனகியது. ஏழாவதில் மழை பிடித்தது. கல் வழுக்கி நெக்கியின் மடியில் உட்கார்ந்துவிட்டது. அவன் அதை மார்போடு அணைத்து மெல்ல மெல்ல ஏற்றினான். இவன் செத்தால் கொன்றது நான்தான், என் காபிதான் என்று ஒவ்வொரு கல்லுக்கும் நினைத்தேன்.

பதினொன்று உட்கார்ந்தது. மரம் வாயைத் திறக்கவில்லை.

“இப்ப சாரத்துல கால வை. மெதுவா.”

அவன் கால் சாரத்தில் பட்டதும் அவள் நனைந்த தெருவில் அப்படியே உட்கார்ந்தாள். கோப்பை இன்னும் இடது கையில்தான் இருந்தது. அதை என்னிடம் நீட்டி, “இருபத்திரண்டு வருஷம், அண்ணே” என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மோட்டுவளைக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்தி, எல்லாக் கல்லும் ஏறி முடிய நவம்பர் ஆகிவிட்டது. கூரை முடியும் நாளில் ஏறியவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரன் புதுச் சட்டை எடுத்துக் கூரையில் கட்டிய கயிற்றில் தொங்கவிட வேண்டும். நான் நாலு சட்டையோடு பூப்போட்ட சால்வை ஒன்றையும் தொங்கவிட்டேன். ஊரே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும்.

கடைசிக் கல் உட்கார்ந்தது. காபியோடு மேல்தெரு ஏறினேன்.

“நெக்கி இன்னும் மேலதான் இருக்கான்” என்றாள், கூரையை விட்டுக் கண் எடுக்காமல்.

தட்டை ஏந்தி அவள் பக்கத்தில் நின்று நானும் கூரையையே பார்த்தேன். நெக்கி கருவிகளைக் கட்டினான், கயிற்றை அவிழ்த்தான், ஒவ்வொரு படியாக இறங்கினான். அவன் இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகு அவள் கை நீட்டினாள். காபி பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. அதை அடி மண்டி வரை குடித்தாள்.