கொம்பையாவின் குடமும் என் அறையின் மூலைகளும்

கொம்பையாவின் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை. குறை என் ஒலிப்பதிவு அறையில் இருந்தது. அது தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தவன் நான்.

உங்களிடம் சொல்கிறேன்... சொல்ல வேண்டியவரிடம் சொல்லத் துணிவில்லாததால்!

கொம்பையா எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரர். பேச்சியம்மாள் அக்காவின் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர். மண்குடத்தின் வாயை மட்டையால் அவர் அறைந்தால், கோயில் கொடை விழாவில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நெஞ்சில் வந்து விழும். கேசட்டுகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கோவில்பட்டியில் என் ரேடியோ கடைக்குப் பின்னால் இருந்த சின்னச் சிமெண்டு அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி, அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். ஆனால் என் வீறாப்பு இருக்கிறதே... அப்பப்பா!

பேச்சியம்மாள் குழு அங்கே பாட வந்தது. குடம் விழுந்த இடமெல்லாம் கும்மென்று ஓர் இரைச்சல். அக்காவின் குரலே அதில் மூழ்கிப்போனது. "குடம் சரியில்லை" என்றேன். கொம்பையா வேறு குடம் வாங்கி வந்தார். அதுவும் கும்மென்றது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? குழு முழுவதும் கேட்கும்படி சொன்னேன்: "குடத்துல ஒண்ணுமில்ல கொம்பையா. உம்ம கைதான் கெட்டுப்போச்சு."

அவர் மறுக்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிசினு பொய் சொல்லுமா? கைதான் போலுக்கு அண்ணாச்சி" என்றார்.

குடமில்லாமலே பாட்டு பதிவானது. பிறகு கொடைகளுக்கும் அக்கா வேறு ஆளைக் கூட்டிப்போனார். கொம்பையா ஆடு மேய்க்கப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து, மதுரையிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் என் அறையைப் பார்த்துச் சிரித்தார். தாழ்ந்த ஒலி மூலைகளில் போய்த் தேங்கி இரைகிறது, முட்டை அட்டையால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதை உறிஞ்சிக்கொள்ள மூலைக்கு மூலை 'பேஸ் டிராப்' கட்டச் சொன்னார். தரையிலிருந்து கூரை வரை மரச்சட்டம் நிறுத்தி, நூற்பாலையில் வாங்கிய கழிவுப் பஞ்சைத் திணித்து, மேலே சாக்குத் துணியை இழுத்து அடித்தேன். அறை பாதியாகிவிட்டது. தீப்பெட்டி செய்கிற ஊரில் இத்தனை பஞ்சுக்கு நடுவே உட்கார ஆசையா என்று மனைவி திட்டினாள்.

அடுத்து வந்தது வேறொரு வில்லுப்பாட்டுக் குழு. அவர்களும் குடம் அடித்தார்கள். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, சுத்தமாக... அவர்கள் போன பிறகு இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டேன்.

கேள்விப்பட்டுப் பேச்சியம்மாள் அக்காவும் வந்தார். அந்தக் கேசட்டைக் கேட்டார். "அடி என்னமா விழுது தம்பி! அப்போ அன்னைக்குக் கெடுத்தது நம்ம கொம்பையா கைதான், என்ன?"

"ஆமாக்கா" என்றேன்.

ஏன் சொன்னேன்? தொழில் தெரியாதவன் என்று ஊர் பேசிவிடும் என்கிற பயம். வேறொன்றுமில்லை! அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதரின் கையை விற்றேன்.

ஒருநாள் கொம்பையாவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "ஆடு மேய்க்கையில தகர டப்பாவுல அடிச்சு அடிச்சுப் பழகுனேன் அண்ணாச்சி. கை சரியாயிட்டான்னு ஒருக்க பாத்துச் சொல்லுதியளா?"

அடித்தார். பதிவு செய்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கேட்கக் கேட்க அவர் கண் கலங்கியது.

"சரியாயிட்டுல்லா அண்ணாச்சி?"

மூலைகளில் பஞ்சு அடைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு சொல்... ஆனால் நான் சொன்னது, "சரியாயிட்டு."

பாவி! அந்த இடத்திலும்கூடவா?

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்கா அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். இருந்தாலும் இப்போதெல்லாம் கொடையில் குடத்தின் முன் உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் "கை சரியா விழுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். முன்பு அவர் யாரிடமும் அப்படிக் கேட்டவர் அல்லர்.

மாசி பிறந்தால் தன் புஞ்சையில் விளைந்த மிளகாய் வற்றலை எனக்குக் கொண்டுவருகிறார். கடையில் யார் நின்றாலும், "என் கையத் திருத்துனது இவியதான்" என்கிறார். நான் குனிந்து ரேடியோவைக் கழற்றுகிறேன்.

இந்த மாசிக்கும் வந்தார். வற்றலை வாங்கி வைத்துக்கொண்டேன்.